தினமும் துடைக்கப்பட்ட கறுப்பு கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஒருவர், 2023 ஜூன் மாதம் புதிதாக வாங்கிய தம்முடைய கறுப்பு நிற செடான் காரை 2024 பிப்ரவரி இறுதியில் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கார் எங்கும் மோதியதில்லை. எந்தப் பாகமும் மறுபடி பெயின்ட் அடிக்கப்படவில்லை. ஆயினும், காலை வெயிலில் நிறுத்தினால் பானட்டின் மேல் தெரியும் சூரியப் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் மின்னின. எட்டே மாதத்தில் இப்படி ஆகிவிட்டதால், தயாரிப்பு நிறுவனம் அடித்த பெயின்டே தரக்குறைவானது என்று உரிமையாளர் உறுதியாக நம்பினார். முழு வண்டிக்கும் பாலிஷ் போட்டு, அதன்மேல் செராமிக் கோட்டிங் (பெயின்டின் மேல் இடும் மிக மெல்லிய காப்புப் படலம்) செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்து, அதற்கான தொகையையும் ஒதுக்கி வைத்திருந்தார்.

அந்தக் குடியிருப்பில், தரைத்தளத் தூண்களுக்கு இடையே உள்ள நிறுத்துமிடத்தில்தான் கார்கள் நிற்கின்றன. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து, எட்டு மணிக்குள் பதினான்கு கார்களைத் துடைத்துவிட்டுச் செல்வார். காருக்கு மாதம் 600 ரூபாய், ஞாயிறு விடுமுறை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு நகரமே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த காலத்தில், ஹோஸ் குழாய் பிடித்து வண்டி கழுவக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே, அங்கே வாளியில் கிடைக்கும் தண்ணீரைக் கொண்டுதான் எதையும் செய்ய முடியும். வாசலுக்கு வெளியே மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலை. மணலும் சிமென்ட் தூசியும் அந்த வட்டாரத்து வண்டிகளின் மேல் ஒரே இரவில் ஒரு படலமாகப் படிந்துவிடும்.

கண்டறிந்தவை

முதலில் பெயின்டின் தடிமனை மீட்டர் வைத்து அளந்தோம். பானட், கூரை, கதவுகள், டிக்கி என இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் எடுத்த அளவுகள் 98 மைக்ரானுக்கும் 124 மைக்ரானுக்கும் இடையே இருந்தன (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தொழிற்சாலையில் அடிக்கப்படும் பெயின்டுக்கு இது இயல்பான அளவு. உலோகத்தின் மேல் துரு தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் சேர்ந்ததே இந்தத் தடிமன். இதில் பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் கிளியர் கோட்தான். அது பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனை விடவும் குறைவு. கீறல்கள் அத்தனையும் இந்த அடுக்கின் மேற்பரப்பிலேயே இருந்தன. விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்தபோது, முன்கதவின் கீழ்ப்பகுதியில் இருந்த இரண்டு கீறல்களைத் தவிர வேறெங்கும் நகம் சிக்கவில்லை.

அடுத்து, கீறல்கள் எங்கே இருக்கின்றன என்பதை விட எங்கே இல்லை என்பதைத் தேடினோம். இந்த ஆய்வில் மிகவும் பயன்பட்ட சான்று அப்போது கிடைத்ததுதான். கூரையின் ஓரங்கள் முழுவதும் கீறல்கள் இருந்தன. ஆனால் கூரையின் நடுவே, இரு பக்கத்திலிருந்தும் கை நீட்டினால் எட்டாத ஒரு பட்டை, ஷோரூமிலிருந்து வந்த நாளில் இருந்தது போலவே தெளிவாக இருந்தது. பெட்ரோல் மூடியின் உட்புறமும், கதவைத் திறந்தால் மட்டும் தெரியும் விளிம்புகளும் அப்படியே. பெயின்ட் தரக்குறைவு என்றால் கூரையின் நடுப்பகுதி மட்டும் தப்பியிருக்க முடியாது. சாலையில் ஓடும்போது மோதும் தூசிதான் காரணம் என்றால் பானட்டின் முன்விளிம்பில் புள்ளி புள்ளியான தெறிப்புகள் இருக்குமே தவிர, பின்கதவுகளில் இவ்வளவு கோடுகள் விழ வாய்ப்பில்லை. கை எட்டிய இடமெல்லாம் கீறல், எட்டாத இடத்தில் கீறலே இல்லை என்பதால், துடைப்பதுதான் காரணம் என்பது ஏறக்குறைய உறுதியாயிற்று.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். வட்ட வட்டமாகத் தெரிவதால் துடைத்தவர் கையைச் சுழற்றித் துடைத்திருக்கிறார் என்றுதான் உரிமையாளர் கருதினார். பலரும் அப்படித்தான் கருதுகிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாக விழுந்திருக்கும். ஆனால் விளக்கின் பிம்பத்தைச் சுற்றிய வட்டத்தோடு ஒட்டிச் செல்லும் கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணை நோக்கித் திருப்பும். மற்றவை அந்தக் கோணத்தில் மறைந்திருக்கும். அதனால்தான் நாம் எங்கே நகர்ந்து நின்று பார்த்தாலும் அந்த வட்டமும் கூடவே நகர்ந்து வருகிறது. எனவே வட்டத்தைப் பார்த்து ஒருவருடைய கைப்பழக்கத்தை முடிவு செய்ய இயலாது.

மறுநாள் விடியற்காலையில் நானே குடியிருப்புக்குச் சென்று, துடைக்கும் வேலையைத் தொடக்கம் முதல் இறுதி வரை பார்த்தேன். அவர் சோம்பேறியோ அக்கறையற்றவரோ அல்லர்; மூன்று மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. தண்ணீர் எடுத்துவரும் நேரத்தையும் சேர்த்து ஒரு காருக்கு அவருக்குக் கிடைப்பது பதின்மூன்று நிமிடத்துக்கும் குறைவு. குழாய் மறுகோடியில் இருப்பதால் ஒரு வாளித் தண்ணீரில் மூன்று கார்களை முடித்துவிடுவார். முதலில் ஒரு டஸ்டரால் உலர்ந்த தூசியைத் தட்டுவார். பிறகு பனியன் வேஸ்ட் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்து முழு வண்டியையும் துடைப்பார். கடைசியாக மஞ்சள் துணியால் ஈரத்தை ஒற்றி எடுப்பார். வாரம் ஒருமுறை வாளியில் ஒரு பிடி துணி துவைக்கும் தூளும் சேரும். சக்கரத்துக்கும் அதே துணிதான்.

மூன்றாவது கார் முடிந்ததும் அந்த வாளியை வாங்கி ஒரு ஓரமாக வைத்து, தண்ணீர் தெளிந்தபின் அடியில் தங்கிய வண்டலை உலர்த்தினேன். அதில் ஒரு சிட்டிகையை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே வைத்து விரலால் லேசாகத் தேய்த்ததில் கண்ணாடியிலேயே கீறல் விழுந்தது. மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவையில் (1 முதல் 10 வரை; எண் கூடக் கூடக் கடினம்) 7. சன்னல் கண்ணாடி 5.5 அளவில் நிற்கிறது. கண்ணாடியைக் கீறும் துகள், பிளாஸ்டிக்கைப் போன்ற மென்மை கொண்ட கிளியர் கோட்டை என்ன செய்யும் என்று உரிமையாளருக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கண்ணாடித் துண்டை அவர் வெகுநேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரையும் சோதித்தோம். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு லிட்டருக்கு 1,650 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க அளவாக 500 மில்லிகிராமையும், வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் 2,000 மில்லிகிராம் வரையும் வைத்திருக்கிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், சமையலறையிலுள்ள ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீரையும் உரிமையாளர் வீட்டினர் கார் கழுவக் கொடுத்துவந்தனர். அதை அளந்தபோது 2,400 இருந்தது. நல்ல நீரைப் பிரித்தபின் மிஞ்சும் உப்பெல்லாம் அதில்தானே செறிந்திருக்கும். பானட்டிலும் கண்ணாடிகளிலும் இருந்த வெள்ளைத் திட்டுகளுக்கு இதுவே காரணம். திட்டு தானாகக் கீறாது. ஆனால் அதைப் போக்குவதற்காக அழுத்தித் தேய்க்கும் கை கீறும்.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

முதல் முடிவு, உடனே பாலிஷ் போடுவதில்லை என்பது. பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதன்று; கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது. துடைக்கும் முறை மாறாமல் பாலிஷ் போட்டால், அடுத்த எட்டு மாதத்தில் அதே கீறல்கள் திரும்ப வரும். மறுபடி சீவ வேண்டும். சில ஆண்டுகளில் சீவுவதற்குக் கிளியர் கோட் மிஞ்சாது. செராமிக் கோட்டிங்கையும் தள்ளிவைக்கச் சொன்னேன். ஓரிரு மைக்ரான் மட்டுமே இருக்கும் அந்தப் படலம் தண்ணீரும் அழுக்கும் எளிதில் வழுக்கி விழ உதவும். மணலைத் துணியில் வைத்து இழுத்தால் அதுவும் கீறத்தான் செய்யும். பட்டறைக்கு வந்த வருமானத்தை நாங்களே தள்ளிவிட்டதைக் கண்டு உரிமையாளர் சற்று வியந்தார். ஆனால் திரும்பி வரப்போகும் கீறல்களுக்காகக் கூலி வாங்குவது எங்களுக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது முடிவு, துடைப்பவரை மாற்றுவதில்லை என்பது. குடியிருப்பில் சிலர் அப்படித்தான் ஆலோசனை கூறினர். ஆனால் அதே பதின்மூன்று நிமிடமும் அதே மூன்றில் ஒரு பங்கு வாளித் தண்ணீரும் யார் கையில் கொடுக்கப்பட்டாலும் இதே விளைவுதான் வரும். வாரத்துக்கு ஆறு முறை துடைப்பதை நிறுத்தி, ஒரே ஒரு முறை முறையாகக் கழுவுவது என்று திட்டமிட்டோம். ஆறு நாளில் அவர் செலவிட்ட நேரம் எழுபது நிமிடத்துக்கு மேல். முறையான கழுவலுக்கு முப்பத்தைந்து நிமிடம் போதும். இடையில் இரண்டு நாள் கண்ணாடிகளை மட்டும், அதற்கென்று ஒதுக்கிய தனித் துணியால் துடைப்பது. மாதச் சம்பளம் 600 ரூபாயில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இதைச் சொன்னதும் அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தோம்; மாறாக அவர் தயங்கினார். "தொடைக்காம விட்டா, இந்தாளு வேலையே செய்யலன்னு நெனைப்பாங்க சார்" என்றார். தூசி படிந்து நிற்கும் கார், அவருடைய உழைப்பின் மேல் விழும் குறையாக மற்றப் பதின்மூன்று வீட்டாருக்கும் தெரியும் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. "அண்ணே, அது என் பொறுப்பு, யார் கேட்டாலும் நான் பேசிக்கிறேன்" என்று உரிமையாளர் உறுதியளித்து, சங்கத்தின் வாட்சாப் குழுவில் அன்றே எழுதிவிட்ட பிறகுதான் அவர் சம்மதித்தார்.

மூன்றாவது, தண்ணீரைப் பற்றியது. கீறாமல் கழுவுவதன் உயிர்நாடி, கை படுவதற்கு முன்பே இயன்றவரை மணலை இறக்கிவிடுவதுதான். ஹோஸ் இருக்கும் இடத்தில் இது எளிது. இங்கே அதற்கு அனுமதி இல்லை, அந்தத் தடை நியாயமானதும்கூட. பத்து நிமிடம் திறந்துவிட்ட ஹோஸ் நூறு லிட்டருக்கு மேல் கொட்டிவிடும். இதற்கு வழி சொன்னவர் துடைப்பவர்தான். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் மணிலா (நிலக்கடலை)ப் பயிருக்கு மருந்தடித்துப் பழகிய அவர், "பேட்டரி ஸ்பிரேயர்ல அடிச்சா பத்து லிட்டர்ல முழு வண்டியும் நனைஞ்சிடுமே" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. முதுகில் மாட்டும் பதினாறு லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் ஒன்றைப் புதிதாகவே வாங்கினோம். ஊரில் இருக்கும் பழையதைக் கொண்டுவருகிறேன் என்று அவர் சொன்னபோது மறுத்துவிட்டோம். பூச்சிமருந்து ஊற்றிய தொட்டி எத்தனை முறை கழுவினாலும் இந்த வேலைக்கு ஆகாது.

கடைசி அலசலுக்கு உப்பற்ற நீர் வேண்டியிருந்தது. படுக்கையறை ஏ.சி. இரவெல்லாம் சொட்டும் நீரை அளந்து பார்த்தோம். உப்பின் அளவு 30 கூட இல்லை. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடிவதால் அது ஏறத்தாழ காய்ச்சி வடித்த நீருக்குச் சமம். சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவில் ஆறு லிட்டர் சேர்ந்தது. மெல்லிய துணியில் வடிகட்டிக் கேனில் சேர்த்துவைக்க உரிமையாளரின் மனைவி ஏற்பாடு செய்தார். ஆர்.ஓ. கழிவுநீர் அன்றோடு தரை கழுவுவதற்குப் போய்விட்டது.

வகுத்த முறை

ஸ்பிரேயரில் கிணற்று நீரோடு சிறிதளவு நடுநிலை (அமிலமோ காரமோ இல்லாத) ஷாம்பு கலந்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி வண்டி முழுவதும் நனைத்து, நான்கைந்து நிமிடம் ஊறவிட வேண்டும். நிழலில் நிற்பதால் அதற்குள் காய்ந்துவிடாது. வெயிலில் இதைச் செய்யவே கூடாது. ஊறிய மணலை மறுபடி ஸ்பிரே அடித்து இறக்கிவிட்ட பிறகே கை படலாம். துணி துவைக்கும் தூள் காரத்தன்மை கொண்டது. பெயின்டின் மேல் உள்ள மெழுகைக் கரைத்துவிடுவதோடு, துணிக்கும் பெயின்டுக்கும் இடையே வழுக்கலையும் போதுமான அளவு தராது. அதனால் அது நிறுத்தப்பட்டது. பனியன் வேஸ்ட்டும் நிறுத்தப்பட்டது. தையல் மடிப்பும் தட்டையான பரப்பும் உள்ள அந்தத் துணியில் மணல் மேற்பரப்பிலேயே நின்று உராயும். நீண்ட இழைகள் உள்ள மைக்ரோஃபைபர் கையுறையில் துகள் இழைகளுக்குள் இறங்கிக்கொள்ளும்.

வாளிகள் இரண்டு. ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் நீர். ஷாம்புவில் தோய்த்த கையுறையால் அரைக் கதவு அளவு மட்டும், அழுத்தம் தராமல், நேர்கோட்டில் இழுத்துவிட்டு, வெறும் நீரில் நன்றாக அலசிய பிறகே மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். அலசும் வாளியின் அடியில் காய்கறி கழுவும் பிளாஸ்டிக் வடிதட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தோம். இறங்கிய மணல் தட்டுக்குக் கீழே தங்கிவிடும், கையுறை அதைக் கிளறாது. நேர்கோட்டில் இழுப்பதால் கீறல் விழாது என்று பொருளன்று. தப்பித்தவறி விழுந்தால் அது ஒரே கோணத்தில் மட்டும் தெரியும் என்பதே பயன். கூரை, கண்ணாடி, பானட், கதவுகளின் மேல்பாதி என்று இறங்கிவந்து, மணல் மிகுந்த கீழ்ப்பாதிக்கும் பம்பருக்கும் இரண்டாவது கையுறையை எடுக்க வேண்டும். சக்கரங்கள் கடைசியில், மீந்த அலசல் நீரில், வேறு துணியால். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் படிந்த அந்தத் துணி மறந்தும் பெயின்டின் பக்கம் போகக் கூடாது என்பதற்காக, அது மட்டும் சிவப்பு நிறத்தில் வாங்கப்பட்டது.

பிறகு ஏ.சி. நீரை ஊற்றி அலசி, அந்த ஈரத்தின் மேலேயே பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுக்க வேண்டும். மொத்தத் தண்ணீர் நாற்பது லிட்டரைத் தாண்டவில்லை. பறவை எச்சம் கண்டால் வாராந்திரக் கழுவலுக்காகக் காத்திருக்கக் கூடாது. அதிலுள்ள அமிலம் வெயிலோடு சேர்ந்து ஓரிரு நாளில் கிளியர் கோட்டை அரித்துவிடும். நனைத்த பஞ்சை அதன்மேல் பத்து நிமிடம் வைத்து, ஊறிய பின் தேய்க்காமல் தூக்கி எடுப்பதே முறை. உலர்ந்த டஸ்டர் எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்பிரேயர் உட்பட எல்லாவற்றுக்கும் ஆன செலவு ஏறத்தாழ 5,000 ரூபாய். உரிமையாளர் கோட்டிங்குக்கு ஒதுக்கியதில் சிறு பங்கு.

ஒரு கதவைச் சாட்சியாக வைத்தது

புதிய முறை உண்மையிலேயே கீறலை நிறுத்துகிறதா என்பதைப் பழைய கீறல்களுக்கு நடுவே கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மார்ச் இரண்டாம் வாரம், இடது முன்கதவை மட்டும் பாலிஷ் செய்து கீறலற்ற நிலைக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு வாரமும் அதே தூணின் அருகே, அதே டார்ச் வெளிச்சத்தில், அதே தூரத்திலிருந்து உரிமையாளர் படம் எடுத்து அனுப்பினார்.

முதல் மூன்று வாரங்களில் ஒரு கீறலும் இல்லை. நான்காவது வாரப் படத்தில் கதவின் நடுவே மூன்று நேர்கோடுகள் தெரிந்தன. முறை தோற்றுவிட்டதோ என்ற கவலையோடு போய்ப் பார்த்தேன். கழுவியது சரியாகவே நடந்திருந்தது; தவறு கழுவி முடித்த பிறகு நேர்ந்திருந்தது. கையுறைகளை நிறுத்துமிடத்தின் பூசப்படாத கைப்பிடிச் சுவரில் உலர்த்தியிருந்தார். சுவரிலிருந்து உதிர்ந்த சிமென்ட் மணல் இழைகளில் ஒட்டிக்கொண்டு மறுவாரம் கதவுக்கு வந்துவிட்டது. எங்கே உலர்த்த வேண்டும், எப்படிச் சேமிக்க வேண்டும் என்று நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. இது முழுக்க என் குறை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், தூணில் கட்டிய நைலான் கயிறும் அன்றே வந்தன. துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு சேர்க்கக் கூடாது, துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றக் கூடாது என்பவையும் அப்போதுதான் சொல்லப்பட்டன. முன்னதில் பருத்திப் பிசிறுகள் ஒட்டிக்கொள்ளும். பின்னது இழைகளில் படிந்து நீரை உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

அதன்பின் ஏப்ரல் இறுதி வரை புதிய கீறல் எதுவும் சேரவில்லை.

பாலிஷும் அதன் பிறகும்

மே முதல் வாரத்தில் காரைப் பட்டறைக்கு எடுத்தோம். பானட்டின் வெள்ளைத் திட்டுகளில் நீர் கலந்த வினிகரை ஒரு நிமிடம் ஒற்றிவைத்து அலசியதில் பெரும்பாலானவை கரைந்தன. ஏழெட்டுத் திட்டுகள் பெயின்டிலேயே பதிந்துவிட்டிருந்தன. மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவியபோது சொரசொரத்த இடங்களைக் களிமண் போன்ற கிளே பார் கொண்டு, நிறைய வழுக்கு நீர் தெளித்து, சுத்தம் செய்தோம். பிறகு மிக நுண்ணிய பாலிஷ் பசையும் மென்மையான பேடும் வைத்து ஒரே சுற்று. மறுபடி அளந்ததில் எங்கும் இரண்டு மைக்ரானுக்கு மேல் குறையவில்லை. மீட்டரின் பிழை வரம்பும் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதால், சரியாக எவ்வளவு போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. நகம் சிக்கிய இரண்டு கீறல்களை மங்கச் செய்ததோடு நிறுத்திக்கொண்டோம். அவற்றை முழுவதும் போக்க வேண்டுமானால் அந்த இடத்துக் கிளியர் கோட்டையே பலிகொடுக்க வேண்டியிருந்திருக்கும். மேலே சாதாரண மெழுகுப் பூச்சு ஒன்று மட்டும் இட்டோம்.

ஜூனிலிருந்து நவம்பர் வரை ஒழுங்காகப் போனது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் ஆங்காங்கே ஓரிரு மெல்லிய கோடுகள் தெரியும், அவ்வளவே. இதற்குள் அதே குடியிருப்பில் மேலும் நான்கு வீட்டார் இந்த முறைக்கு மாறியிருந்தனர்; ஸ்பிரேயர் பொதுவாயிற்று. துடைப்பவருக்கும் காலை வேலை நேரம் குறைந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழை கொட்டி ஊர்கள் நீரில் மூழ்கின. துடைப்பவருடைய வீட்டிலும் வெள்ளம் புகுந்துவிட, அவர் ஊருக்குப் போய்விட்டார். திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. அந்த இடைவெளியில், பக்கத்துப் பிளாக்கில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் உதவி செய்யும் நோக்கத்தோடு தாமாகவே வந்து, சாலைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்த காரை உலர்ந்த துணியால் இரண்டு நாள் துடைத்திருக்கிறார். சங்கக் குழுவில் எழுதியது அவருக்குத் தெரியாது. கேட்கவும் யாரும் இல்லை. வலப்பக்கத்து இரு கதவுகளிலும் நெடிய கீறல்கள் விழுந்தன. ஒன்பது மாதக் கவனிப்புக்குப் பிறகு இரண்டு காலைப் பொழுதுகளில் நேர்ந்த இந்தச் சேதத்தைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மனம் வலித்தது.

உரிமையாளர் இம்முறை பாலிஷ் வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தக் கீறல்களை அப்படியே விட்டுவைத்து, எப்போதாவது அந்தக் கதவுகளுக்கு வேறு வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார்.

மறுபடி செய்தால் மாற்றிக்கொள்பவை

முதலாவதாக, முறையை ஒருவருக்கு மட்டும் கற்றுத்தந்துவிட்டு நின்றிருக்க மாட்டேன். அவர் இல்லாத நாளில் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் நாளே பேசப்பட்டிருக்க வேண்டும். அதற்கான விடையும் எளிதானதே: ஒன்றும் செய்யக் கூடாது. சேற்றோடு மூன்று வாரம் நின்றிருந்தாலும் அந்தக் கதவுகளுக்கு இவ்வளவு கேடு வந்திருக்காது. உரிமையாளரும் ஒருமுறையாவது தம் கையால் முழுக் கழுவலைச் செய்து பழகியிருந்தால், அவசரத்துக்கு அவரே இறங்கியிருக்க முடியும்.

இரண்டாவதாக, சாட்சிக்கு ஒரு கதவை மட்டும் எடுத்ததோடு நில்லாமல், மணல் அதிகம் படியும் பின்கதவின் கீழ்ப்பாதியில் ஒரு சாண் சதுரத்தையும் சேர்த்திருப்பேன். முன்கதவின் மேல்பாதி எப்போதுமே எளிதாகச் சுத்தமாகும் இடம். அது தெளிவாக இருப்பதை மட்டும் வைத்து முறை வென்றது என்று சொன்னதில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

சேமிப்பைப் பற்றிய குறையை மேலே சொல்லிவிட்டேன். இப்போது எங்கள் பட்டறையில் யாருக்குக் கழுவும் முறையைச் சொல்லித் தந்தாலும், கையுறையை எங்கே உலர்த்துவீர்கள் என்பதையே முதல் கேள்வியாகக் கேட்கிறோம்.

2025 ஜனவரி நடுவில், பொங்கல் முடிந்து ஊரிலிருந்து வந்த கையோடு, துடைப்பவர் தூணில் ஓர் அட்டையை ஒட்டினார். உரிமையாளரின் மகள் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தது: "இந்த வண்டியைத் தண்ணி தெளிக்காமல் தொட வேண்டாம். நான் வரும்வரை அழுக்காகவே இருக்கட்டும்." அதற்குக் கீழே துடைப்பவருடைய கைபேசி எண்ணும், ஸ்பிரேயர் இருக்கும் அலமாரியின் சாவி எங்கே தொங்குகிறது என்பதும் எழுதப்பட்டிருந்தன.